'நோ எரர்' என்றே தோன்றுகிறது, என்ன செய்வது?

கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல்., வங்கி அதிகாரிப் பணிக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. தேர்வுகளுக்குத் தயாராகி வருகிறேன். இரண்டு கைடுகளில் உள்ள இலக்கண விதிகளை மனப்பாடம் செய்துவிட்டேன். எந்த விதியைக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மாதிரித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கும் கேள்வி வந்தால் எல்லா வாக்கியமும் சரியாகத்தான் தெரிகிறது. பாதிக்குமேல் 'நோ எரர்' (பிழை இல்லை) என்று போட்டு மைனஸ் மார்க் வாங்குகிறேன். ஆங்கில மீடியத்தில் படித்த நண்பர்கள், வாசித்தால் காதுக்கே தெரிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தெரிவதில்லை. ஆங்கிலத்தை விட்டுவிட்டு கணக்கையும் ரீசனிங்கையும் மட்டும் பார்த்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தை விட முடியாது. ஐ.பி.பி.எஸ். பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி கட்-ஆஃப் (தேறுவதற்கான குறைந்தபட்ச மார்க்) உண்டு. கணக்கில் முழு மார்க் வாங்கினாலும் ஆங்கிலத்தில் கட்-ஆஃப் தாண்டாவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான். சி.ஜி.எல். முதல் கட்டத்தில் 200 மார்க்கில் 50 ஆங்கிலத்துக்கு. அதை விட்டுக்கொடுத்துவிட்டு மீதியில் ஈடுகட்டுவது நடக்கிற காரியமில்லை.

சரி, உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருவோம். விதிகள் தெரிகின்றன, பிழை தெரியவில்லை. கைடில் 'சப்ஜெக்ட்-வெர்ப்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே இருபது வாக்கியங்கள் இருக்கும். எந்த விதியைத் தேட வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு கிடையாது. அதனால் நீங்கள் செய்வதெல்லாம் வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தரம் வாசித்துப் பார்த்து, 'இடிக்கவில்லையே, சரியாகத்தானே இருக்கிறது' என்று முடிவெடுப்பது. அதாவது நீங்களும் காதைத்தான் நம்புகிறீர்கள். உங்கள் நண்பர்களின் காது பள்ளியிலிருந்தே ஆங்கிலம் கேட்டுப் பழகியது. உங்கள் காது தமிழில் பழகியது. ஆங்கில வாக்கியத்தை மனசுக்குள் தமிழாக்கிப் பார்க்கும்போது தமிழ் நன்றாக அமைந்துவிட்டால், ஆங்கிலமும் சரி என்று அது சொல்லிவிடுகிறது.

அதனால் தமிழில் யோசிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லப் பார்க்கிறேன் என நினைக்காதீர்கள். பல ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ் பல இடங்களில் உங்களுக்குப் பிழையைக் காட்டிக் கொடுக்கும், சில இடங்களில் ஏமாற்றும். எது எங்கே என்று தெரிந்துகொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

முதலில், தமிழ் உதவுகிற இடம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஏனென்றால் இந்தத் தேர்வுகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற எழுவாய்-வினைப் பொருத்தம் இதில்தான் வருகிறது.

ஒரு வாக்கியம் (சாய்கோடு போட்டுப் பிரித்த பகுதிகளில் எதில் பிழை என்று சொல்ல வேண்டும்): "தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் / சோல்ட் இன் தீஸ் மார்க்கெட்ஸ் / ஹேவ் கம் டவுன் / திஸ் இயர்." வாசித்தால் எங்கும் இடிக்காது. 'மார்க்கெட்ஸ் ஹேவ்' என்று பக்கத்தில் பக்கத்தில் வருவதால் காது திருப்தியாகிவிடும். இதைத் தமிழில் முழுசாகச் சொல்லிப் பாருங்கள்: "இந்தச் சந்தைகளில் விற்கும் மாம்பழங்களின் தரம் இந்த வருஷம் குறைந்துவிட்டது." இப்போது ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் வாலையும் பாருங்கள். சந்தைகளில் என்பதில் 'இல்' இருக்கிறது. மாம்பழங்களின் என்பதில் 'இன்' இருக்கிறது. தரம் என்பதில் மட்டும் எந்த வேற்றுமை உருபும் இல்லை. எழுவாய் அதுதான். தரம் ஒருமை, ஆகவே 'ஹேவ்' தப்பு, 'ஹேஸ்' வர வேண்டும்.

இது இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பொருந்துகிற குறுக்குவழி இல்லை. ஆங்கிலத்தில் எழுவாய் முதலில் வந்துவிடுகிறது. அதை விவரிக்கிற 'ஆஃப்', 'இன்', 'சோல்ட்' எல்லாம் பின்னால் நீண்டுகொண்டே போய் வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு கூட்டத்தையே நிறுத்திவிடும். தேர்வுக்குக் கேள்வி எழுதுபவர் அந்தக் கூட்டத்தில்தான் பன்மையை ஒளித்து வைப்பார். தமிழில் விவரணை எல்லாம் முன்னால் வந்துவிடும். எழுவாய் அதற்கு அப்புறம் உருபு எதுவும் இல்லாமல் தனியாக நிற்கும். தமிழ் தெரிந்தவருக்கு எழுவாயைப் பிடிப்பது ஒரு நொடி வேலை.

'அலாங் வித்', 'டுகெதர் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' வருகிற வாக்கியங்களும் இப்படித்தான். "தி மதர், அலாங் வித் ஹெர் சில்ட்ரன், ஹேவ் கம்" என்று கொடுத்திருப்பார்கள். தமிழில், "தாய் தன் பிள்ளைகளுடன் வந்திருக்கிறாள்." வந்திருக்கிறாள் என்றுதானே வாயில் வருகிறது? உடன் என்பது பிள்ளைகளை எழுவாயில் சேர்ப்பதில்லை. ஆங்கிலமும் அதையே சொல்கிறது, 'ஹேஸ் கம்'.

'தி நம்பர் ஆஃப்', 'எ நம்பர் ஆஃப்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் குழப்பம் வரும். தமிழாக்கினால் வராது. முதலாவது, 'விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.' எண்ணிக்கைதான் எழுவாய், ஒருமை. இரண்டாவது, 'பலர் விண்ணப்பித்திருக்கிறார்கள்.' பன்மை.

'ஒன் ஆஃப்' வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஆர் வொர்க்கிங் இன் எ பேங்க்" என்று நம் ஊரில் பேச்சில் அடிக்கடி கேட்கலாம். இந்தத் தப்புக்குத் தமிழைக் குறை சொல்ல முடியாது. "என் நண்பர்களில் ஒருவன் வங்கியில் வேலை பார்க்கிறான்" என்கிறோம். நண்பர்களில் பன்மை, பார்க்கிறான் ஒருமை. ஆங்கிலமும் அச்சு அசலாக அதேதான்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் வொர்க்கிங்.'

இதிலேயே கொஞ்சம் கடினமான ஒன்று உண்டு. நன்றாகப் படிக்கிறவர்களும் இதில் விழுவார்கள். "ஹீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் ஆஃபீசர்ஸ் ஹூ நெவர் டேக்ஸ் எ ப்ரைப்." ஒன் என்று வந்துவிட்டதே, ஒருமைதானே என்று 'டேக்ஸ்' சரி என்று விட்டுவிடுவார்கள். தமிழில், "லஞ்சமே வாங்காத அதிகாரிகளில் அவர் ஒருவர்." வாங்காத என்பது யாரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது? அதிகாரிகளோடு. அப்படியானால் 'ஹூ'வுக்குப் பின்னால் வருகிற வினை பன்மைக்கு உரியது, 'டேக்' என்றுதான் வர வேண்டும். ஆங்கில இலக்கண நூல்கள் அரைப் பக்கம் விளக்குகிற விஷயத்தை நம் பெயரெச்சம் ஒரே சொல்லில் காட்டிவிடுகிறது.

"இஃப் இட் வில் ரெயின்" என்று எழுதுகிறவர்கள், 'மழை பெய்தால்' என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெய்தால் என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? 'இஃப் இட் ரெயின்ஸ்' போதும். 'ஆல்தோ' போட்டுவிட்டு நடுவில் 'பட்' போடுகிற தப்பும் இப்படித்தான். "மழை பெய்தாலும் ஆட்டம் நடந்தது" என்பதில் 'உம்' ஒன்றுதான் இருக்கிறது, ஆங்கிலத்திலும் ஒன்று போதும்.

இனி தமிழ் ஏமாற்றுகிற இடங்கள். உங்கள் 'நோ எரர்' விடைகளில் பெரும்பாலானவை இங்கேதான் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

"மூன்று வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்." தமிழில் நிகழ்காலம், குறையே இல்லை. அதனால் "ஐ ஆம் லிவிங் இன் திஸ் டவுன் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று கொடுத்தால் காது தலையாட்டிவிடும். அதில் இரண்டு தப்பு. போன காலத்தில் ஆரம்பித்து இன்னும் தொடர்வதை ஆங்கிலம் 'ஹேவ் பீன் லிவிங்' என்று சொல்லும். இரண்டாவது, மூன்று வருஷம் என்பது கால அளவு, அதற்கு 'ஃபார்'. ஆரம்பித்த புள்ளியைச் சொன்னால்தான் 'சின்ஸ்': சின்ஸ் 2021, சின்ஸ் மண்டே. அதேபோல 'நேற்றே அவனைப் பார்த்திருக்கிறேன்' என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹேவ் சீன்' வராது, 'சா' தான்.

'பற்றி', 'உடன்', 'விட' இந்த மூன்றும் வாக்கியத்தில் தலைகாட்டினால் உஷாராகிவிடுங்கள். விலையைப் பற்றி விவாதித்தோம் என்பதால் 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்று எழுதுகிறோம். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே 'பற்றி' அடங்கிவிட்டது. 'அக்கம்பனி', 'மேரி' இரண்டிலும் 'உடன்' ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதனால் 'வித்' வேண்டாம். 'ரீச்'சுக்கு 'டு' வேண்டாம், 'ரிசெம்பிள்' பக்கத்தில் எதுவுமே வேண்டாம். அப்புறம் 'விட'. அவர் என்னைவிட சீனியர் என்கிறோம், 'சீனியர் தேன் மீ' என்று போடுகிறோம். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்குக்கும் 'டு' தான். காபியைவிட டீ பிடிக்கும் என்று 'ப்ரிஃபர்' போட்டுச் சொன்னாலும் 'ப்ரிஃபர் டீ டு காஃபி' தான், 'தேன்' கிடையாது.

அறிவுரைகள், தகவல்கள், செய்திகள் என்று தமிழில் பன்மை தாராளமாக வரும். ஆங்கிலத்தில் 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்', 'சீனரி' எதற்கும் 'எஸ்' சேராது. 'நியூஸ்' கடைசியில் 'எஸ்' வைத்திருந்தாலும் ஒருமை. இந்தச் சின்னப் பட்டியல் போதும், இதிலிருந்துதான் அதிகம் கேட்கிறார்கள்.

கேள்வி வாக்கியம் இன்னொரு வாக்கியத்துக்குள் வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "பஸ் ஸ்டாண்ட் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாலும், "பஸ் ஸ்டாண்ட் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றாலும் தமிழில் சொல்வரிசை மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறும். 'வேர் இஸ் தி பஸ் ஸ்டாண்ட்?' சரி. ஆனால் 'டெல் மீ வேர் தி பஸ் ஸ்டாண்ட் இஸ்.' இங்கே 'வேர் இஸ்' என்று கொடுத்திருந்தால் அந்தப் பகுதிதான் விடை.

ஏமாற்றுகிற இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது வாக்கியத்தின் முதலில் வருகிற 'இங்'. "ஓப்பனிங் தி டோர், எ டாக் ரஷ்ட் இன்." நீங்கள் இதை எப்படித் தமிழாக்குவீர்கள்? 'கதவைத் திறந்ததும் ஒரு நாய் உள்ளே பாய்ந்து வந்தது.' நல்ல தமிழ். ஆகவே 'நோ எரர்' என்று போட்டுவிடுவீர்கள். ஆனால் தமிழில் இரண்டு வகை இருக்கிறதே. 'திறந்ததும்' என்றால் திறந்தது நானாகவும் இருக்கலாம், வீட்டில் வேறு யாராகவும் இருக்கலாம். 'கதவைத் திறந்து ஒரு நாய் உள்ளே வந்தது' என்று சொல்லிப் பாருங்கள். இப்போது கதவைத் திறந்ததே நாய்தான். 'செய்து' என்கிற வாய்பாட்டு வினையெச்சத்துக்கும் முடிக்கிற வினைக்கும் எழுவாய் பொதுவாக ஒன்றாகத்தான் இருக்கும். வாக்கிய முதலில் வருகிற ஆங்கில 'இங்' இந்த வகை. 'திறந்ததும்' வகை இல்லை.

ஆகவே முதலில் 'இங்' வந்தால் அதை 'செய்து' என்று மாற்றிப் படியுங்கள். சிரிப்பு வந்தால் பிழை. "வென் ஐ ஓப்பண்ட் தி டோர்" என்று திருத்த வேண்டும். "பீயிங் எ ஹாட் டே, வீ ஸ்டேட் அட் ஹோம்" என்பது தேர்வுகளில் அடிக்கடி வரும் மாதிரி. நாம் என்ன வெயில் நாளா? 'இட் பீயிங் எ ஹாட் டே' என்று 'இட்' சேர்ந்தால்தான் சரியாகும்.

மூன்றாவதாக, தமிழ் உதவவும் உதவாது, ஏமாற்றவும் செய்யாது என்கிற ஒரு பகுதி இருக்கிறது. 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' வந்தால் 'வென்', 'லெஸ்ட்' வந்தால் 'ஷுட்', 'இட் இஸ் ஹை டைம்' வந்தால் இறந்தகால வினை, 'லுக் ஃபார்வர்ட் டு' வந்தால் 'மீட்டிங்' போல 'இங்' சேர்ந்த வடிவம். இவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள், நல்லது.

'தி' எங்கே வரும், எங்கே வராது என்பதும் பழக்கத்தில்தான் வரும். ஆனால் 'எ', 'ஆன்' குழப்பத்துக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். அடுத்து வருகிற சொல்லை ஒலிக்கிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தானால் 'ஆன்', உயிர்மெய்யானால் 'எ'. எம்.எல்.ஏ. என்பது 'எ'யில் தொடங்குகிறது, ஆன் எம்.எல்.ஏ. யூனிவர்சிட்டி 'யூ'வில் தொடங்குகிறது, எ யூனிவர்சிட்டி. மணி நேரத்துக்கான 'ஹவர்' ஒலிப்பில் 'அவர்' தான், அதனால் ஆன். 'ஒன்' மட்டும் எழுதுவதற்கும் ஒலிப்பதற்கும் வித்தியாசம் உள்ளது. உச்சரிப்பு 'வன்' என்பதால் 'எ ஒன்-ருப்பி காயின்' என்று வரும்.

பயிற்சி எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். தலைப்பு போட்ட பயிற்சிகளை இன்றோடு நிறுத்துங்கள். கலந்து வருகிற பழைய வினாத்தாள்களை மட்டும் எடுங்கள். எஸ்.எஸ்.சி. தன் விடைக்குறிப்பை அதிகாரபூர்வமாக வெளியிடுகிறது, அந்தத் தாள்களே முதல் தேர்வாக இருக்கட்டும். வங்கித் தேர்வுக்கு 'மெமரி பேஸ்டு' என்று சுற்றுகிற தாள்கள் எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்னவை. அவற்றில் வாக்கியமே மாறிப்போயிருக்கலாம். அதில் ஒரு விடை எவ்வளவு யோசித்தும் ஒத்துவரவில்லை என்றால் உங்களைச் சந்தேகப்படாமல் அடுத்ததற்குப் போங்கள்.

தினம் பதினைந்து வாக்கியம் போதும். ஒவ்வொன்றிலும் முதலில் வினைச்சொல்லுக்கு அடிக்கோடு. அப்புறம் அதன் எழுவாய். பிறகு காலம் காட்டும் சொல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, வினைக்கு ஒட்டி வருகிற 'அபௌட்', 'வித்', 'டு' போன்றவை. கடைசியாக 'எ', 'ஆன்', 'தி'. இவ்வளவையும் பார்த்த பிறகும் எதுவும் சிக்கவில்லை என்றால் அப்போது 'நோ எரர்' போடுங்கள், தைரியமாகப் போடுங்கள். உண்மையிலேயே பிழையில்லாத வாக்கியங்களும் வரத்தான் செய்யும். இத்தனை நாள் பார்க்காமலேயே போட்டீர்கள், பார்த்துவிட்டுப் போடுவது வேறு.

தப்பாகப் போட்ட வாக்கியங்களுக்கு ஒரு நோட்டு வையுங்கள். விதியை எழுத வேண்டாம், அது உங்களுக்குத் தெரியும். வாக்கியத்தை எழுதி, கீழே அதன் தமிழை எழுதி, தமிழ் காட்டிக் கொடுத்ததா, ஏமாற்றியதா என்று ஓரத்தில் குறியுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் தப்புகள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடுவதைப் பார்ப்பீர்கள். நூற்றுக்கணக்கான விதிகளைச் சுமந்துகொண்டு தேர்வறைக்குள் போவதைவிட, நம் தப்பு இந்த ஏழெட்டில்தான் என்று தெரிந்துகொண்டு போவது எவ்வளவோ தெம்பு.

ஆங்கில நாளிதழ் படிக்கச் சொல்லி எல்லோரும் சொல்லியிருப்பார்கள், அதுவும் தலையங்கத்தை. அது சொல்வளத்துக்கு நல்லது. இலக்கணத்துக்கு, உள்பக்கங்களில் வருகிற மாவட்டச் செய்தி போதும். வாக்கியம் எளிமையாக இருக்கும், விஷயம் நமக்குத் தெரிந்த ஊர் விஷயமாக இருக்கும், அதனால் கவனம் வாக்கிய அமைப்பில் நிற்கும். ஒரே ஒரு பத்தியை எடுத்து வினை, எழுவாய் இரண்டையும் அடிக்கோடிட்டுப் படியுங்கள். மேலோட்டமாக நாலு பக்கம் புரட்டுவதைவிட அது மேல்.

தேர்வறையில் நேரக் கணக்கும் முக்கியம். சி.ஜி.எல்.லில் சரியான விடைக்கு 2 மார்க், தப்புக்கு 0.50 போகும். பி.ஓ. முதல்நிலையில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம், தப்புக்கு கால் மார்க் போகும். கேள்விக்கு 40 விநாடிதான் வருகிறது, அதில் பெரிய பத்தியைப் படித்து விடை சொல்கிற கேள்விகளும் அடக்கம். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளை முதலில் முடித்துவிட்டுப் பத்திக்குப் போங்கள். ஒரு வாக்கியத்தில் அரை நிமிடம் தாண்டியும் வினைக்கு எழுவாய் எது என்றே பிடிபடவில்லை என்றால், அங்கே ஊகத்தில் 'நோ எரர்' போடாமல் குறித்து வைத்துவிட்டு நகருங்கள். மாதிரித் தேர்விலேயே இப்படிச் செய்து பழகுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டில் எந்த வகைத் தப்பு அதிகம் வந்தது என்று எழுதி அனுப்புங்கள். அதை வைத்து அடுத்து என்ன படிக்கலாம் என்று பார்ப்போம்.